பொட்டலமாகக் கிடைக்கும் கணிதம்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. அதில் 100 கணிதத்துக்கு, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் யாருக்கு முன்னிடம் என்று முடிவுசெய்ய முதலில் எடுத்துப் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான். 1984-இல் வந்த நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபின், ப்ளஸ் டூவில் மூன்று மணி நேரம் எழுதும் ஒரு கணிதத் தாள்தான் ஒருவர் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் உட்காரப்போகிறார் என்பதில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு தெரியும். அதனால்தான் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றைக்கே, "மேத்ஸ் எடுத்துட்டா எந்தப் பக்கம் வேணும்னாலும் போய்க்கலாம்" என்ற அறிவுரை மாமாவிடமிருந்தோ பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தோ வந்து சேர்கிறது. அந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி? அதற்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கிடக்கின்றன. கணிதம் படித்தால் விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும் என்பது ஒன்று. அதைப் படித்தவருக்கு வேலையில், வருமானத்தில் மெய்யாகவே மேன்மை உண்டு என்பது இன்னொன்று. முன்னது கல்வித் துறைகளும் பல்கலைக்கழகங்களும் எழுதிவைத்த விதி. நாளைக்கே மாற்றி எழுதலாம். பின்னது திறன் பற்றியது. அதை எந்த அரசாணையாலும் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

முதலில் விதியைப் பார்ப்போம். பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு ப்ளஸ் டூ கணிதம் வேண்டும் என்பது தெரிந்ததே. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் போன்றவற்றுக்கும் அப்படியே. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கணிதம் இல்லாதவரை இளநிலைக் கணிதப் படிப்புகளுக்கு எடுக்க முடியாது என்பதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடங்களில் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் ஆனர்ஸ் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். நம்மூர்க் கலைக் கல்லூரிகளில் அதே பாடத்துக்குப் பெரும்பாலும் அந்த நிபந்தனை இல்லை. இதைச் சலுகை என்று நினைத்துச் சேரும் மாணவர், எம்.ஏ.வுக்கு நல்ல நிறுவனம் ஒன்றின் நுழைவுத் தேர்வுத் தாளைப் பிரிக்கும்போது வகைநுண்கணிதமும் அணிகளும் எதிரே நிற்பதைப் பார்க்கிறார். சேரும்போது கேட்காத கணிதத்தை மூன்று ஆண்டு கழித்துக் கேட்கிறார்கள்.

ராணுவத்திலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும்; தரைப்படைக்கு எந்தக் குரூப்பில் ப்ளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுத்துத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கணிதத் தாள் எல்லோருக்கும் உண்டு. விதி விட்டுக்கொடுத்ததைத் தேர்வு திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

கணிதம் கேட்காத பட்டியலும் நீளமானதுதான். மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், ஊடகம், கவின்கலை, வேளாண்மை என்று போகும். பி.எஸ்சி. வேளாண்மைக்கு கணிதமில்லாத பியூர் சயின்ஸ் மாணவரும் வரலாம், உயிரியலோடு கணிதமும் படிக்கும் பயோ-மேத்ஸ் மாணவரும் வரலாம். சி.ஏ. படிக்க ப்ளஸ் டூவில் கணிதம் தேவையில்லை. ஆனால் அதன் ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் ஆகியவற்றைக் கொண்டது. தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறி கணக்குகள். வங்கித் தேர்வுகளிலும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் அந்தப் பங்கு இன்னும் கனமானது. கட்-ஆஃப் நூலிழையில் நிற்கும் குரூப் 4-இல் அந்த 25 கேள்விகள்தாம் பலருக்கு வேலையா இல்லையா என்று சொல்லிவிடுகின்றன.

கவனிக்க வேண்டிய ஒன்று, இந்த 25 கேள்விகளில் தொகையீடும் கிடையாது, கலப்பெண்ணும் கிடையாது. விழுக்காடு, விகிதம், வட்டி, காலமும் வேலையும், பரப்பளவு. எல்லாம் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் முடிந்துபோனவை. இந்தத் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவில் கணிதமும் அறிவியலும் கொண்ட முதல் குரூப் படிக்காததால் வாய்ப்பிழந்தவர்களைவிட, எட்டாம் வகுப்புக் கணக்கு கைவராததால் வாய்ப்பிழந்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 'பிசா' தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை இரண்டே மாநிலங்கள், தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும். பங்கேற்ற எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் வரிசையில் இரண்டும் கடைசிப் படிகளில் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அந்தத் தேர்வை எழுதுவோர் பதினைந்து வயதினர். நம்மூரில் குரூப் தேர்ந்தெடுக்கும் வயதும் அதுதான்.

இனித் திறன். பள்ளியில் கூடுதலாகக் கணிதம் படித்தவர் பிற்பாடு கூடுதலாகச் சம்பாதிக்கிறாரா? பொருளியலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். சிக்கல் எளிதில் புரியக்கூடியது. கணிதம் எடுப்பவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களாகவும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பிற்காலச் சம்பளம் கணிதத்தால் வந்ததா, அந்த வீட்டால் வந்ததா? அமெரிக்கத் தரவை வைத்து 1995-இல் ஆல்டன்ஜி எழுதிய கட்டுரை, உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாடம் எடுத்தார்கள் என்பதன் தாக்கம் சிறியதே என்றது. 2004-இல் ரோஸ், பெட்ஸ் இருவரும், கணிதப் பாடங்களை ஒரே மூட்டையாக எண்ணாமல் இயற்கணிதம், வடிவியல், அதற்கு மேற்பட்டவை என்று பிரித்துப் பார்த்தபோது தாக்கம் தெளிவாகத் தெரிந்தது. பிரிட்டனில் டால்ட்டன், விக்னோல்ஸ் இருவரும் 'ஏ லெவல்' கணிதம் படித்தோருக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை கூடுதல் வருமானம் என்று கணித்தார்கள். மற்ற 'ஏ லெவல்' பாடங்களுக்கு அப்படியொரு கூடுதல் தென்படவில்லை.

இந்தியாவைப் பற்றிய ஆய்வு குறைவு. தருண் ஜெயின் உள்ளிட்ட நால்வர், இந்திய மனித வளர்ச்சி ஆய்வின் தரவைக் கொண்டு, மேல்நிலையில் அறிவியல் பிரிவு படித்தவர்கள் வணிகவியலோ கலைப் பாடங்களோ படித்தவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று கண்டார்கள். ஆங்கிலமும் பேச வந்தால் பயன் இன்னும் கூடுகிறது. இது அறிவியல் பிரிவைப் பற்றிய எண், கணிதத்தை மட்டும் பற்றியதன்று. நம் நாட்டில் இரண்டையும் பிரித்து அளப்பது கடினம், ஏனென்றால் நாம் இரண்டையும் சேர்த்தே விற்கிறோம்.

இந்த இடத்தில்தான் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் உயர்கணிதம் வேண்டுமென்றால் உயர் இயற்பியலையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்றிருந்தது. 1980-களில் சில பள்ளிகளில் மட்டும் சோதனை முறையில் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். கணிதத்தை வேதியியலோடும் எடுக்கலாம் என்றார்கள். உடனே, அதுவரை ஒதுங்கியிருந்த ஒரு கூட்டம் கணிதத்துக்கு வந்தது. இந்தச் சோதனையைப் பயன்படுத்தி யோன்சென், நீல்சன் இருவரும் 2009-இல் வெளியிட்ட முடிவு: கட்டு அவிழ்ந்ததால் கணிதம் எடுத்த இந்த மாணவர்களின் வருமானம் உண்மையாகவே உயர்ந்தது, அதில் ஒரு பங்கு அவர்கள் மேற்கொண்டு கூடுதலாகப் படித்ததால் வந்தது. பள்ளிக்கு அனுமதி கிடைத்ததா இல்லையா என்பது மாணவரின் கையில் இல்லாததால், 'கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் சம்பாதித்திருப்பான்' என்ற வாதம் இங்கே எடுபடவில்லை. கணிதம் வராதவர்கள் என்று நாம் நினைக்கும் பலர், கணிதத்தோடு கட்டிக்கொடுக்கப்படும் வேறொன்றுக்குப் பயந்தவர்களாக இருக்கலாம் என்பதும் இதனால் தெரிகிறது.

நம் குரூப் முறை இதைவிட இறுக்கமான பொட்டலம். 1978-இல் பி.யு.சி. போய், மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்தபோது குரூப்புகளும் கூடவே நிலைத்துவிட்டன. கணிதம் வேண்டுமா, இயற்பியலையும் வேதியியலையும் எடு. நான்காவதாக உயிரியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடு. வரலாறும் கணிதமும் வேண்டுமென்று ஒரு பிள்ளை கேட்டால் தலைமையாசிரியர் சிரிப்பார். இலங்கையிலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. சாதாரண தரம் வரை எல்லோருக்கும் கணிதம், உயர்தரத்தில் மூன்றே பாடங்கள், கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். ஆனால் நம் மத்திய வாரிய (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளில், எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும், வணிகவியலோடும் பொருளாதாரத்தோடும் கணிதத்தைச் சேர்த்துப் படிப்பது புதுமையே இல்லை.

பயோ-மேத்ஸ் தனிக் கதை. மருத்துவமும் பொறியியலும் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்ற பெற்றோரின் ஆசையில் பிறந்த குரூப் அது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணே இரண்டுக்கும் போதுமாயிருந்த ஆண்டுகளில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2017 முதல் மருத்துவம் நீட் வழியே என்றானபின், அந்தப் பிள்ளை காலையில் பள்ளிக் கணிதம், மாலையில் நீட் உயிரியல் என்று இரண்டு வண்டியில் கால் வைக்கிறது. நீட்டில் கணிதத் தாள் இல்லை. எதில் சேர்வது என்று முடிவுசெய்யாமலிருக்கும் வசதிக்கு இரண்டு ஆண்டு உழைப்பு விலையாகப் போகிறது. சிலருக்கு அது தகும். பலருக்குத் தகாது என்றே நினைக்கிறேன்.

கிராமத்துப் பள்ளிகளில் இப்படிக் குரூப்பைத் தேர்ந்தெடுக்கவே இடமில்லை. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் முதுகலை ஆசிரியர் இருந்தால் முதல் குரூப், இல்லையேல் இருப்பதில் சேர வேண்டும். பெண் பிள்ளையை எட்டு கிலோமீட்டர் தள்ளி அனுப்ப வீட்டில் யோசித்தால், பக்கத்துப் பள்ளியில் எந்தப் பணியிடம் நிரம்பியிருக்கிறதோ அதுவே அவளுடைய 'விருப்பப் பாடம்'.

பொட்டலத்துக்குள் இருக்கும் சரக்கையும் திறந்து பார்க்க வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள். அணிகள், கலப்பெண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வெக்டர், நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று போய், நிகழ்தகவுப் பரவல்களுக்கு ஒரு பாடம், தனிநிலைக் கணிதத்துக்கு ஒன்று. பாலம் கட்டுபவருக்கும் மின்சுற்று வடிவமைப்பவருக்கும் ஏற்ற அடுக்கு அது. புள்ளியியல் என்று தனியே எதுவும் இல்லை. இப்போது வணிகவியல் மாணவர்களுக்கான 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' புத்தகத்தை எடுங்கள். அதிலும் அணிகள் உண்டு, தொகையீடு உண்டு, வகைக்கெழுச் சமன்பாடு உண்டு. கூடவே எண்ணியல் முறைகள், சமவாய்ப்பு மாறிகள், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பும் புள்ளியியல் அனுமானமும், காலத்தொடர், குறியீட்டெண்கள், செயல்முறை ஆராய்ச்சி. வெக்டரும் கலப்பெண்ணும் இல்லாதது குறைதான். ஆனால் இன்று வங்கி, காப்பீடு, மருத்துவ ஆய்வு, இணைய வணிகம் என்று எங்கு திரும்பினாலும் கேட்கப்படும் தரவுப் பகுப்பாய்வுக்கு, முதல் குரூப்பின் புத்தகத்தைவிட வணிகவியல் படிக்கும் மூன்றாம் குரூப்பின் புத்தகம் சில இடங்களில் நெருக்கமாக நிற்கிறது. ஊரில் இரண்டாந்தரமாகப் பேசப்படும் இந்தப் புத்தகத்தைக் கல்லூரிப் பேராசிரியர்களிலேயே பலர் புரட்டியிருக்க மாட்டார்கள். வணிகவியல் பிரிவுள்ள எல்லாப் பள்ளியிலும் அது கிடைப்பதுமில்லை.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டம் இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஆனால் நேரே உள்ளே விட்டுவிடுவதில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலேயே தேர்வு வைத்து, தேறியவரை எடுத்துக்கொள்கிறார்கள். 'நீ முன்பு என்ன படித்தாய்' என்பதைவிட 'இப்போது சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாயா' என்று கேட்கும் முறை இது.

இதற்கு எதிர்ப்பக்கம் 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு செய்தது. பொறியியலில் சேர பதினான்கு பாடங்களில் ஏதாவது மூன்று படித்திருந்தால் போதும் என்று தன் கையேட்டில் எழுதியது. அந்தப் பதினான்கில் வணிகப் படிப்பும் தொழில்முனைவும் இருந்தன. கணிதமில்லாமல் வருவோருக்கு இணைப்புப் படிப்பு நடத்திக்கொள்ளுங்கள் என்றது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது, கணிதம் முக்கியமே என்று குழுவும் விளக்கம் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கட்-ஆஃப் அசையவில்லை. விதியைத் தளர்த்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஈராண்டு கணிதத்தை ஒரு பருவ இணைப்புப் படிப்பில் ஈடுகட்டிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நம் பொறியியல் கல்லூரிகளுக்குள் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க வேண்டும். கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கி உள்ளே வந்தவர்களே எம்-1, எம்-2, எம்-3 என்ற கணிதத் தாள்களில் அரியர் வைத்துக்கொண்டு கடைசி ஆண்டுவரை அலைகிறார்கள்.

அது ஏன் அப்படி? கட்-ஆஃபின் பசிக்கு நாம் வளர்த்த, நூற்றுக்கு நூறு வாங்கவைக்கும் சென்டம் கலாசாரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எழுதவைத்த பள்ளிகள் ஊரறிந்தவை. நுண்கணிதத்தின் தொடக்கம், எல்லை, வகையிடல் எல்லாம் பதினொன்றில்தான் இருக்கின்றன. அடித்தளத்தைத் தாண்டிவிட்டு மாடியை மனப்பாடம் செய்தால், கல்லூரியில் கேள்வி சற்றே திரும்பியதும் கை ஓடாது. 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது இதைத் தடுக்கத்தான். ஆனால் அந்த ஆண்டே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும் என்று அறிவித்து அந்தத் தேர்வின் பல்லைப் பிடுங்கினார்கள். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. பதினோராம் வகுப்புப் புத்தகம் மறுபடி பரணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

கணிதமே வேண்டாம் என்போர் வேறு கட்சி. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹேக்கர் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், உயர் இயற்கணிதத்தைக் கட்டாயமாக்குவதால் வேறு திறமையுள்ள பிள்ளைகள் படிப்பையே விட்டுப் போகிறார்கள் என்று 2016-இல் ஒரு புத்தகமே எழுதினார். எண்களைக் கையாளும் அறிவு எல்லோருக்கும் வேண்டும், முக்கோணவியல் எல்லோருக்கும் வேண்டாம் என்பது அவர் வாதம். நம் மத்திய வாரியம் 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை அடிப்படை, தரநிலை என்று இரண்டாக்கியதும், பதினோராம் வகுப்பில் பயன்பாட்டுக் கணிதம் என்று ஒன்றைக் கொண்டுவந்ததும் கிட்டத்தட்ட இந்த வழிதான். எனக்கு இதில் பாதி உடன்பாடு. பயன்பாட்டுக் கணிதம் நல்ல சேர்க்கை. ஆனால் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை 'அடிப்படை'யைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்படும் பள்ளி.

கட்டாயப்படுத்துவதால் மட்டும் கணிதம் வந்துவிடாது என்பதற்கு சிகாகோ நகரம் சாட்சி. 1997-இல் அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் இயற்கணிதம் கட்டாயமானது. பாடத்தை எடுத்தோர் எண்ணிக்கை கூடியது, தோல்வியும் கூடியது, தேர்வு மதிப்பெண் உயரவில்லை. 2003-இல் வேறு வழியில் போனார்கள். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதே பாடத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்கினார்கள். கோர்ட்டெஸ், குட்மன், நோமி மூவரும் பின்னாளில் ஆராய்ந்தபோது, இந்தப் பிள்ளைகள் பள்ளியை முடிப்பதும் கல்லூரியில் சேர்வதும் கூடியிருந்தது. செலவு பிடிக்கும் வேலை, ஆசிரியர் கூடுதலாக வேண்டும். ஆனால் பலன் தெரிந்த வேலை.

தமிழ்நாட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், நான் கணிதத்தைக் கட்டாயமாக்கவும் சொல்ல மாட்டேன், விருப்பமென்று விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வேன். வணிகவியல், பொருளாதாரம், வரலாறு, உயிரியல் எதோடும் கணிதமோ வணிகக் கணிதமோ எடுக்கலாம் என்றாக வேண்டும். கலை, அறிவியல் என்று சுவர் எழுப்பக் கூடாது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு இருக்கும் சண்டைகள் வேறு. இந்த ஒரு யோசனை அதில் இருப்பதாலேயே கெட்டுப்போய்விடாது. வணிகக் கணிதம் படித்தவரைப் புள்ளியியல், தரவு அறிவியல் பட்டப்படிப்புகளில் தயங்காமல் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் ஒரே மாதிரி விதி எழுத வேண்டும்.

அதுவரை, பத்தாம் வகுப்பு முடித்துக் குழம்பி நிற்கும் வீட்டுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கணக்கில் ஆர்வமிருந்தும் வேதியியல் பிடிக்காத பிள்ளைக்கு, வணிகக் கணிதம் உள்ள பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பொறியியல்தான் வேண்டும், ஆனால் ப்ளஸ் டூ ஓட்டம் ஒத்துவராது என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. அங்கும் கணிதம் உண்டு, பட்டறையோடு சேர்ந்து வரும். கணிதத்தை விட்டுவிட்ட பிள்ளை என்றால், அரசுத் தேர்வுகளுக்காகவாவது எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் குரூப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளையா? ஜூலையில் பள்ளிக்குப் போய், கணித ஆசிரியரிடம் எந்த வகுப்பின் புத்தகம் நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.